அலமாரியில் விரித்த தாள்

எனக்குக் கையெழுத்து அழகு. தற்பெருமை என்று நினைப்பவர்கள் நான் படித்த பள்ளிக்கூடத்தில் போய் விசாரித்துக்கொள்ளலாம். ஆய்வுக்கு யார் வந்தாலும் டீச்சர் முதலில் எடுத்து நீட்டுவது என்னுடைய ரெக்கார்டு நோட்டைத்தான். ஒரு அடித்தல் கிடையாது, ஒரு திருத்தல் கிடையாது. படத்துக்குப் பென்சில், தலைப்புக்குக் கறுப்பு மை, மற்றதற்கு நீலம். கல்லூரியிலும் அதே கதைதான். சோதனைக்கூடத்தில் கிறுக்குவதற்கு ரஃப் நோட்டு, வீட்டுக்கு வந்து நிதானமாகப் படியெடுப்பதற்கு ரெக்கார்டு நோட்டு. மார்க் ரெக்கார்டுக்குத்தான். ரஃப் நோட்டு வருடக் கடைசியில் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போகும்.

அந்த அழகான கையெழுத்துதான், வெளிநாட்டில் படிக்கப் போன ஐந்தாவது வாரத்தில் என்னைப் பெட்டி கட்ட வைக்கப் பார்த்தது.

படிப்பு கான்கிரீட்டைப் பற்றியது. "அதுக்கு எதுக்கு வெளிநாடு? இங்கதான் தெருவுக்குத் தெரு கலவை போடுறாங்களே" என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே கேள்வியை அவரவர் வீட்டில் உட்கார்ந்து கேட்டார்கள். கட்டட வேலை நடக்கும் இடங்களில் இரண்டு வருடம் என்ஜினியராக வெயிலில் நின்றவள் நான். அதற்குமேல் படிக்க வேண்டும் என்று அம்மாவிடம் ஒரு வருடம் மல்லுக்கு நின்றேன். கடைசியில் அம்மா, "போ. ஆனா பாதியில திரும்பி வந்து வாசல்ல நின்னே, அப்புறம் உனக்கும் எனக்கும் பேச்சே கிடையாது" என்று சொல்லி வழியனுப்பினாள். அம்மா சொன்னால் சொன்னதுதான். ஒரு கல்யாணப் பந்தியில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள் என்பதற்காக என் சித்தியிடம் ஆறு வருடம் பேசாமல் இருந்தவள்.

நான் போய் இறங்கிய நகரத்தில் எல்லோரும் அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்தவர்களைப் போல நடந்தார்கள். முதல் வாரத்தில் மூன்று தடவை தப்பான திசை பஸ்ஸில் ஏறப்போனேன். மூன்றாவது தடவை ஓட்டுநரே என்னை அடையாளம் கண்டு, கதவைத் திறக்காமல் எதிர்ப்பக்கத்து நிறுத்தத்தைக் கையால் காட்டினார். வகுப்பில் பேராசிரியை கேள்வி கேட்டால் எனக்குப் பதில் தெரியும். ஆனால் அதை அவர்கள் மொழியில் மனசுக்குள் கட்டி முடிப்பதற்குள் வேறு யாராவது சொல்லிவிடுவார்கள். வீட்டில் வாயாடி என்று பெயரெடுத்தவள், அங்கே வாயில் கொழுக்கட்டை வைத்துக்கொண்டவள் மாதிரி உட்கார்ந்திருந்தேன். எனக்கு எப்படிப் பற்றிக்கொண்டு வந்தது என்று சொல்லி மாளாது.

தங்கியிருந்தது நாலாவது மாடியில் ஒரு சின்ன வீடு. கூட இருந்தவள் தமிழ்ப் பெண்தான். மருந்துப் படிப்பு, எனக்கு ஒரு வருடம் முன்னால் வந்தவள். வீடு முழுக்கச் சீட்டு எழுதி ஒட்டுவாள். 'குழாயை இறுக்கி மூடவும்.' 'இது என் பால்.' 'இதுவும் என் பால்.' அதனால் அவளுக்கு நோட்டீஸ் என்று பெயர் வைத்தேன். மூஞ்சிக்கு நேராகவே கூப்பிடுவேன். கோபித்துக்கொள்ள மாட்டாள், 'பெயர் சொல்லிக் கூப்பிடவும்' என்று இன்னொரு சீட்டு ஒட்டுவாள்.

ஆய்வகத்தில் கால் வைத்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. சிமெண்ட் வாசனை எந்த ஊரிலும் ஒன்றுதான். கலவை இயந்திரம், எடை போடும் தட்டு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் பழகிய முகங்கள். ஆய்வகப் பொறுப்பாளர் நெடுநெடுவென்று வளர்ந்தவர், மார்பு வரைக்கும் தாடி. அதிகம் பேச மாட்டார். வகுப்பில் இருந்த நாங்கள் பன்னிரண்டு பேரும் அவரைத் தாடி என்றுதான் எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம். முதல் நாள் அவர் ஆளுக்கொரு கெட்டி அட்டை நோட்டைக் கொடுத்தார். பக்க எண்கள் அச்சிட்ட, வழவழப்பான தாள்.

"இங்க நடக்கிறது எல்லாத்தையும் இதுல எழுதணும். பேனாவாலதான் எழுதணும்" என்றார். அவர் பேசியது அவர்கள் மொழியில். என் மண்டையில் ஏறியது தமிழில். அதனால் இங்கேயும் தமிழிலேயே சொல்லிவிடுகிறேன்.

பன்னிரண்டு பக்கத்துக்கு விதிமுறைகளும் கொடுத்தார்கள். நான் இரண்டு பக்கம் படித்தேன். அந்த நோட்டைத் தடவிப் பார்த்தபோதே, ஆகா, ரெக்கார்டு நோட்டு என்று முடிவு கட்டிவிட்டேன். இத்தனை நல்ல தாளில் ஈரக் கையோடு கிறுக்குவார்களா யாராவது? மற்ற பதினோரு பேரும் கிறுக்கினார்கள். சிமெண்ட் விரலோடு, கோணல்மாணலாக, அடித்து அடித்து எழுதினார்கள். ஐயோ பாவம், இவர்களை யாரும் நாலு வார்த்தை திட்டி வளர்க்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நான் என்ன செய்தேன்? அச்சு இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு பக்கம் மட்டும் அச்சான தாள்கள் வேண்டாமென்று குவிந்து கிடக்கும். அதில் நாலைந்தை எடுத்து ரஃப் எழுதிக்கொண்டேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, கை கால் கழுவி, ஸ்கேல் வைத்து ஓரக்கோடு போட்டு, இரண்டு நிற மையில் நோட்டில் படியெடுத்தேன். எழுதி முடித்த ரஃப் தாளைக் குப்பையில் போடவும் மனசு வரவில்லை. எங்கள் வீட்டில் அலமாரித் தட்டில் பேப்பர் விரிக்காமல் ஒரு டப்பாவை வைக்க மாட்டோம். வெறும் பலகையில் எண்ணெய்ப் பாட்டிலைப் பார்த்தாலே எனக்குக் கை துறுதுறுக்கும். இங்கே செய்தித்தாள் வாங்குவார் இல்லை. அதனால் ரஃப் தாள்களைச் சமையலறை அலமாரியில் வரிசையாக விரித்தேன்.

மறுநாளே அலமாரிக் கதவில் சீட்டு. 'அழுக்குப் பேப்பர்களை இந்த வாரத்துக்குள் எடுக்கவும்.'

"எடுக்க முடியாது" என்றேன்.

"எறும்பு வரும்டி" என்றாள் நோட்டீஸ்.

"வரட்டும். அதுக்கும் ஒரு சீட்டு எழுதி ஒட்டு."

இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை. தாள்கள் அங்கேயே இருந்தன.

மூன்றாவது வாரம் க்யூப் போடும் வேலை வந்தது. ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான கனசதுர அச்சில் கான்கிரீட்டை நிரப்பி, இறுகியதும் எடுத்து, ஏழு நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, பிறகு இயந்திரத்தில் வைத்து நசுக்குவது. உடையும்போது எவ்வளவு அழுத்தம் தாங்கியது என்று ஒரு எண் வரும். எண் பெரிதாக இருந்தால் கான்கிரீட் பலமானது, அவ்வளவுதான். தாடி சுவரில் ஒட்டிய பட்டியல் எல்லோருக்கும் பொது. சிமெண்ட் நாலரைக் கிலோ, மணல் ஒன்பது கிலோ, தண்ணீர் இரண்டேகால் லிட்டர், ஜல்லி இத்தனை. கடைசி வரியில், 'மணலின் ஈரம்: இல்லை.'

மணல் தொட்டியில் கையை விட்டு ஒரு பிடி எடுத்தேன். இறுக்கிப் பிடித்து விரலைத் திறந்தால் உருண்டை உடையாமல் அப்படியே நின்றது. ஈரமாவது இல்லையாவது! மேலே பார்க்க வெளுப்பாகத்தான் இருந்தது. உள்ளே மழைக்கால மணல். வேலைத்தளத்தில் மழை பெய்த மறுநாள் நான் முதலில் ஓடுவது மணல் குவியலுக்குத்தான். அதனால் எனக்கு அங்கே 'மணல் மேடம்' என்றே பெயர். தாடியிடம் சொல்லலாம் என்று வாக்கியத்தைக் கட்ட ஆரம்பித்தேன். அவர் அதற்குள் அந்தக் கோடிக்குப் போய்விட்டார். தவிர, உங்கள் பட்டியல் தப்பு என்று வாத்தியாரிடம் எப்படிச் சொல்வது? எனக்கு அப்படி யாரிடமும் சொல்லிப் பழக்கமில்லை.

சத்தம் போடாமல் அரைக் கிலோ மணலை எடுத்து மின்னடுப்பில் தட்டு வைத்து வறுத்தேன். ஆறவிட்டு எடை போட்டால் நானூற்று எழுபத்து நாலு கிராம். இருபத்தாறு கிராம் தண்ணீர் ஆவியாகப் போய்விட்டது. அந்தக் கணக்குப்படி ஒன்பது கிலோ மணலுக்குள் ஏறக்குறைய அரை லிட்டர் தண்ணீர் ஒளிந்திருக்கிறது. கலவையில் தண்ணீர் கூடினால் கான்கிரீட் நோஞ்சானாகிவிடும். ஆகவே தண்ணீரில் அரை லிட்டர் குறைத்தேன், அந்த எடைக்கு ஈடாக மணலில் அரைக் கிலோ கூட்டினேன். எல்லாவற்றையும் ரஃப் தாளில் எழுதினேன்.

சாயங்காலம் நோட்டில் படியெடுக்கும்போதுதான் அந்தப் பெரிய முட்டாள்தனத்தைச் செய்தேன். ரெக்கார்டு என்றால் செய்முறை பட்டியலில் இருப்பதைப்போல இருக்க வேண்டும். அப்படித்தான் பத்து வருடமாக எழுதியிருக்கிறேன். மணல் வறுத்தது பட்டியலில் இல்லை, அதனால் அதை விட்டுவிட்டேன். தண்ணீர் இரண்டேகால் லிட்டர் என்று கறுப்பு மையில் எழுதி, கீழே ஒரு கோடும் போட்டேன். பக்கம் பார்க்கக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்போல இருந்தது.

ஏழு நாள் கழித்துக் க்யூப்களை நசுக்கினோம். ஒருவனுக்கு இருபத்திரண்டு, ஒருத்திக்கு இருபத்து நாலு, இன்னொருவனுக்கு இருபத்து மூன்று. கடைசியாக என்னுடையது. முப்பத்தொன்று. இரண்டாவது க்யூப் முப்பத்தொன்றரை. மூன்றாவதும் அதேதான். எனக்கு உள்ளுக்குள் பட்டாசு வெடித்தது. தாடி இயந்திரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பாராட்டப்போகிறார் என்று நான் புடவை முந்தானையைச் சரிசெய்வதுபோல ஆய்வக அங்கியை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"ஒரு கறைகூட இல்லையே" என்றார்.

"இல்லை" என்றேன் பெருமையாக.

"இந்த நோட்டு என்கிட்ட இருக்கட்டும்."

மறுநாள் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. அதே பட்டியல், அதே அளவு, ஆனால் பதினோரு பேருக்கு வராத எண் எனக்கு மட்டும் வந்திருக்கிறது. நோட்டோ ஆய்வகத்தில் எழுதியதாகவே தெரியவில்லை. எண்களைக் கற்பனையாக எழுதியதாகச் சந்தேகம். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை. பொய் என்று முடிவானால் படிப்பு அத்தோடு ரத்து.

படித்து முடித்ததும் அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. நான் பொய் எழுதினேனா? நானா? சமையலறையில் பாத்திரம் எல்லாம் என் கையில் அடிவாங்கியது. பிறகுதான் அம்மாவின் நினைவு வந்தது. வாசலில் பெட்டியோடு நான் நிற்பதும், அம்மா பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போவதும் கண்ணில் வந்து வந்து போயின. உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

நோட்டீஸ் கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். அந்தப் பன்னிரண்டு பக்க விதிமுறையையும் எடுத்து முழுக்கப் படித்தாள். "ஏன்டி, நேரா நோட்டுலதான் எழுதணும், தப்பு வந்தா ஒத்தைக் கோடு போட்டு அடிக்கணும், வெளித் தாள்ல எழுதவே கூடாதுன்னு நாலாம் பக்கத்துல கொட்டை எழுத்துல போட்டிருக்கே. இதையெல்லாம் படிக்கிறதில்லையா நீ?"

"வீட்டுல நீ ஒட்டுறதைப் படிக்கவே நேரம் சரியா இருக்கு."

"வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்ல. சரி, நீ மணல் வறுத்ததை எதுலயாவது எழுதினியா இல்லையா?"

"ரஃப்ல எழுதினேன்."

"ரஃப் எங்க?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அலமாரியைத் திரும்பிப் பார்த்தோம்.

சர்க்கரை டப்பாவைத் தூக்கினோம். காப்பித்தூள் டப்பாவைத் தூக்கினோம். மூன்றாவது தட்டில் எண்ணெய்ப் பாட்டிலுக்கு அடியில் இருந்தது. நடுவில் வட்டமாக எண்ணெய்க் கறை, ஓரத்தில் சிமெண்ட் விரல் அடையாளம். 'மணல் 500, வறுத்த பின் 474' என்று என் அவசரக் கையெழுத்து. தண்ணீரை மூன்று தடவை அடித்துத் திருத்தி எழுதியிருந்தேன்.

நோட்டீஸ் அதை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். "நல்ல வேளை, நீ சொன்ன பேச்சைக் கேட்காத ஜென்மம்" என்றாள்.

திங்கட்கிழமை அந்த அறையில் நீள மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். பேராசிரியை, தாடி, குறிப்பெடுக்க அலுவலகப் பெண் ஒருத்தி. என் அழகான நோட்டு நடுவில் கிடந்தது. அதன் பக்கத்தில் எண்ணெய்த் தாளை வைக்க எனக்குக் கை கூசியது. ஒரு வாத்தியாரிடம் இப்படி ஒரு தாளை நீட்டினால் எங்கள் ஊரில் அதைச் சுருட்டி என் மேலேயே எறிவார்கள். வைத்தேன்.

பேராசிரியை கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் படித்தார். "இதுல இருக்கிறது ஒண்ணு, நோட்டுல இருக்கிறது வேற ஒண்ணு."

"ஆமா. நோட்டுல எழுதினது தப்பு. அந்தத் தப்பு என்னோடது."

"சரி. ஆனா இந்தப் பேப்பரை நேத்துக்கூட உட்கார்ந்து எழுதியிருக்கலாமே. எண்ணெய்க் கறை சாட்சி ஆகாதே."

நியாயமான கேள்விதான். அதனால்தான் இன்னும் ஆத்திரம் வந்தது. ஐந்து வாரமாக மனசுக்குள் கட்டிக் கட்டி வைத்த வாக்கியங்கள் எல்லாம் சரிந்து விழுந்தன. இலக்கணமாவது ஒன்றாவது என்று எழுந்து நின்றுவிட்டேன்.

"பேப்பரை நம்பவேண்டாம். என்னையும் நம்பவேண்டாம். மணல் இன்னும் அங்கதான் இருக்கு. வாங்க, வந்து பாருங்க. இப்பவே கலக்குறேன். பட்டியல்படி மூணு க்யூப், என் கணக்குப்படி மூணு க்யூப். ஏழு நாள் கழிச்சு நீங்களே நசுக்குங்க. ரெண்டும் ஒரே எண்ணா வந்தா நானே பெட்டியைக் கட்டிக்கிட்டுப் போயிடுறேன்."

அலுவலகப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பேராசிரியை தாடியைப் பார்த்தார். தாடி எழுந்து சாவியை எடுத்தார்.

ஆய்வகம் வரை நடந்தபோதுதான் வீறாப்பு இறங்கிப் பயம் ஏறியது. இரண்டு வாரத்தில் மணல் காய்ந்திருந்தால்? காய்ந்திருந்தால் இரண்டு கலவையும் ஒன்றுதான், ஒரே எண்தான், என் கதை அத்தோடு முடிந்தது. தொட்டியின் மேல் தார்ப்பாய் மூடியிருந்தது. விலக்கிவிட்டு முழங்கை வரை கையை விட்டு ஒரு பிடி எடுத்தேன். இறுக்கினேன். திறந்தேன்.

உருண்டை நின்றது.

தாடி அதை என் கையிலிருந்து வாங்கித் தன் கையில் ஒரு தடவை இறுக்கிப் பார்த்தார். மின்னடுப்பைப் போட்டு, அரைக் கிலோ எடுத்து அவரே வறுத்து, அவரே எடை போட்டார். நானூற்று எழுபத்தாறு.

"போன மாசம் புது லோடு மணல் வந்துச்சு. நான் பழைய லோடை அளந்ததோட விட்டுட்டேன்" என்றார். அந்தப் பெரிய மனிதர் அதைப் பேராசிரியையிடம் சொல்லவில்லை, என்னிடம் சொன்னார்.

"க்யூப் உடையட்டும், அப்புறம் பேசலாம்" என்றார் பேராசிரியை.

அன்றைக்கு வகுப்பு முழுக்க வந்து சுற்றி நின்றது. நான் கலந்தேன். இந்தத் தடவை நேராக நோட்டிலேயே எழுதினேன், ஈரக் கையோடு. முதல் எண்ணையே தப்பாக எழுதிவிட்டேன். அந்த வழவழப்பான தாளில் ஒரு கோடு போட்டு அடிக்க என் மனசு என்ன பாடுபட்டது என்று எனக்குத்தான் தெரியும். தாடி குனிந்து அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டார்.

அடுத்த ஏழு நாளும் எனக்கு ஆய்வகத்தில் அனுமதியில்லை. மற்ற வகுப்புகளுக்குப் போனேன், சரியான பஸ்ஸில் ஏறினேன், ராத்திரியில் மீதி நாளை எண்ணினேன். அம்மா போனில், "என்னடி, குரல் ஒரு மாதிரி இருக்கு?" என்றாள். "சளி" என்றேன். "சளின்னா மூக்கால பேசணும், நீ வயித்தால பேசறே" என்றாள். நான் பேச்சை மாற்றினேன்.

எட்டாம் நாள் காலையில் தாடி க்யூப்களைத் தொட்டியிலிருந்து எடுத்துத் துடைத்தார். முதலில் பட்டியல்படி போட்டவை. இயந்திரம் உறுமியது. சட்டென்று ஒரு முறிவுச் சத்தம். இருபத்து மூன்று. அடுத்தது இருபத்திரண்டரை. மூன்றாவதும் இருபத்து மூன்றுதான்.

பிறகு என்னுடையது. முள் இருபதைத் தாண்டியது. இருபத்து மூன்றைத் தாண்டியது. யாரோ பின்னாலிருந்து மெதுவாக எண்ண ஆரம்பித்தார்கள். இருபத்தைந்து, இருபத்தாறு என்று எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். முப்பதில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தேன். முப்பத்தொன்று!

ஆய்வகமே கைதட்டியது. மற்ற இரண்டு க்யூப்களும் அதே எண்ணில்தான் உடைந்தன. நான் ஜெயித்துவிட்டேன் என்று எனக்குத் தமிழில் கத்த வேண்டும்போல இருந்தது, கத்தியும்விட்டேன். ஒருவருக்கும் புரியவில்லை, எல்லோரும் சிரித்தார்கள். பதினோரு பேரும் முதலிலிருந்து மறுபடி கலக்க வேண்டும் என்று தாடி சொன்னதும் அந்தச் சிரிப்பு பாதியாகக் குறைந்தது.

பேராசிரியை என் பழைய பக்கத்தைத் திறந்தார். "விசாரணை முடிஞ்சுது. ஆனா இந்தப் பக்கத்துக்கு மார்க் கிடையாது. செய்யாததை எழுதியிருக்கே, செஞ்சதை மறைச்சிருக்கே."

"சரி" என்றேன். சரிதான் அது.

"அடுத்த வாரம் வகுப்புக்கு மணல் ஈரத்தை நீதான் விளக்கப்போறே. அன்னைக்கு எழுந்து நின்னு பேசினியே, அதே மாதிரி பேசு."

வெளியே வரும்போது பார்த்தேன். சுவரில் இருந்த பட்டியலின் கடைசி வரியைத் தாடி ஒற்றைக் கோட்டால் அடித்திருந்தார். அதன் கீழே, 'மணலின் ஈரம்: கலக்கும் அன்றே அளக்கவும்.' பக்கத்தில் அவர் கையெழுத்து.

வீட்டுக்கு ஓடினேன். அலமாரிக் கதவில் பழைய சீட்டைக் காணோம். புதுச் சீட்டு ஒட்டியிருந்தது. 'இந்தப் பேப்பர்களை யாரும் தொடக்கூடாது. இது உத்தரவு.' நோட்டீஸைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினேன். "விடுடி, எலும்பு உடையப்போகுது" என்றாள். எந்த எண்ணில் உடையும் என்று பார்க்கலாம் என்றேன்.

பிறகு நோட்டின் புதுப் பக்கத்தைப் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். அடுத்த நிமிடமே போன் அடித்தது.

"என்னடி இது, கோழி கிளறின மாதிரி! உன் கையெழுத்தா இது?"

"என்னோடதுதான்."

"இதைப் போய் வாத்தியார்கிட்ட காட்டினியா? சைன் போட்டாரா?"

"ஒவ்வொரு அடித்தலுக்கும் ஒரு சைன் போட்டிருக்காரும்மா." அதற்குமேல் அடக்க முடியவில்லை. கடிதத்தில் தொடங்கி எண்ணெய்ப் பாட்டில், தார்ப்பாய், முப்பத்தொன்று வரைக்கும் மூச்சுவிடாமல் சொன்னேன். அம்மா குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. அது எனக்குப் புதிது.

"ஏம்மா, நான் திரும்பி வந்து நின்னிருந்தா நிஜமாவே பேசாம இருந்திருப்பியா?"

"இருந்திருப்பேன்" என்றாள் அம்மா. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "ரெண்டு நாள்."